ஏற்பவர் மறைந்த சொல்: ‘பிராபபிள்’ என்பதன் பொருளும் பிறப்பும்

1. எல்லையும் கலைச்சொற்களும்

ஒரு செய்தி உறுதியும் அன்று, வெறும் கற்பனையும் அன்று என்பதைத் தமிழ் பெரும்பாலும் வினைமுற்றிலேயே காட்டிவிடும். ‘வரலாம்’, ‘வரக்கூடும்’ என்றால் போதும். ஆங்கிலம் துணைவினைகளை வைத்திருப்பதோடு, இந்த வேலைக்கென்றே தனிச்சொற்களையும் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறது. அவற்றுள் ‘பிராபபிள்’ என்னும் பெயரடையை இக்கட்டுரையில் ஆராய்கிறோம். அதன் வினையடையாகிய ‘பிராபப்ளி’யும் பண்புப்பெயராகிய ‘பிராபபிலிட்டி’யும் வேண்டிய இடங்களில் உடன் வரும்.

ஆய்வுக்கு மூன்று கலைச்சொற்கள் தேவை. ஒன்று, ஏற்புத்தகவு: ஒரு பொருளோ கருத்தோ செயலோ, அதைச் சோதித்துப் பார்க்க உரிய ஒருவரால் நன்று என ஏற்கப்படுவதற்குத் தகுந்திருத்தல். இரண்டு, சான்றுத்தகவு: ஒரு கூற்று, முழு மெய்ப்பிப்பு இல்லாவிடினும், நம்புவதற்குப் போதிய சான்றைப் பெற்றிருத்தல். மூன்று, நிகழ்தகவு: ஒரு நிகழ்ச்சி நடப்பதற்கு உள்ள இடத்தைச் சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால் குறித்தல். முதலிரண்டும் இக்கட்டுரைக்காக நாம் ஆக்கிக்கொண்டவை. மூன்றாவது பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் எல்லாரும் கண்டதே.

நாம் நிறுவ விரும்புவது இது. ‘பிராபபிள்’ என்ற சொல்லின் முதற்பொருளுக்குள் ஓர் ஆள் நின்றிருந்தார். அவர் சோதித்து ஏற்பவர். இந்தச் சொல்லின் ஈராயிரம் ஆண்டு வரலாறு, அந்த ஆள் படிப்படியாகப் பொருளிலிருந்து விலகிய வரலாறு ஆகும். விலகியும் அவர் முற்றாகப் போய்விடவில்லை.

2. இனச்சொற்களின் வகைப்பாடு

இச்சொல்லின் தனித்தன்மை, அதன் உடன்பிறப்புகளோடு நிறுத்திப் பார்த்தால்தான் விளங்கும். வாய்ப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை அவற்றின் மூலப்படிமம் கொண்டு நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, வீழ்ச்சியும் ஊழும் பற்றியது. ‘சான்ஸ்’ என்பது விழுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. உருட்டிய காய் எப்படி விழுந்ததோ அப்படி. ‘பெர்ஹாப்ஸ்’ என்பதில் உள்ள ‘ஹாப்’, நல்லூழைக் குறிக்கும் பழைய நார்ஸ் சொல். ‘ஹாப்பி’, ‘ஹாப்பன்’ இரண்டும் அதன் மக்களே.

இரண்டாம் வகை, ஒப்புமை பற்றியது. ‘லைக்லி’ இதில் அடங்கும். இதன் அடியாகிய ‘லைக்’ உடல், வடிவம் என்னும் பொருளுடைய பழஞ்சொல்லோடு தொடர்புடையது. மெய்யின் வடிவத்தை ஒத்திருப்பது நடக்கக்கூடியது என்பது இதன் உள்ளுறை.

மூன்றாம் வகை, ஆற்றல் பற்றியது. ‘மேபி’, ‘பாஸிபிள்’ ஆகியவை இதன்பாற்படும். இவற்றில் சொல்வதற்கு அதிகமில்லை.

நான்காம் வகையே நமக்கு உரியது. அது ஏற்புப் பற்றியது. இதில் ‘பிராபபிள்’ தவிர ‘பிளாசிபிள்’ என்பதும் உண்டு. கைதட்டலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, ‘கைதட்டலுக்கு உரியது’ என்று தொடங்கிய சொல் அது. முதல் மூன்று வகைகளில் காய் விழுகிறது, வடிவம் ஒத்திருக்கிறது, ஆற்றல் இருக்கிறது. பார்ப்பவர் ஒருவரும் தேவையில்லை. நான்காம் வகையில் மட்டும் ஆள் இன்றிச் சொல் இல்லை. ஒன்றில் கைதட்டும் கூட்டம். மற்றொன்றில் சோதித்து ஏற்கும் ஒருவர். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

3. வடிவ ஆய்வு

ஆங்கிலத்துக்கு இச்சொல் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சுக்குத் தாய் இலத்தீனின் ‘புரொபாபிலிஸ்’. இதைப் பகுத்தால் ‘புரொபாரே’ என்னும் வினையும் ‘பிலிஸ்’ என்னும் விகுதியும் கிடைக்கும். வினையின் பொருள்: சோதித்துப் பார், நன்றெனக் கண்டு ஏற்றுக்கொள். விகுதியின் பொருள்: செயப்பாட்டு வகையில் ‘படத்தக்கது’. ஆகவே முழுச்சொல்லின் நேர்ப்பொருள் ‘ஏற்கப்படத்தக்கது’ என்பதே. நடத்தல், வருதல், நேர்தல் ஆகிய கருத்துகளுக்கு இதில் துளியும் இடமில்லை.

வினைக்கும் அடியில் இருப்பது ‘புரொபுஸ்’ என்னும் பெயரடை. நல்ல, நேர்மையான என்று பொருள். இதை இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் ‘முன்’ என்னும் முன்னொட்டும் ‘இரு, ஆகு’ என்னும் வேரும் சேர்ந்த கூட்டாக ஒப்பியல் மொழியறிஞர் கொள்கின்றனர். முன்னிற்பவன் நல்லவன் ஆனான். இதே முன்னொட்டும் இதே வேரும் வடமொழியில் ‘ப்ர’ என்றும் ‘பூ’ என்றும் நின்று, கூடி, ‘பிரபு’ ஆயின. ஆகவே நாம் அன்றாடம் வழங்கும் பிரபுவும் ஆங்கிலேயரின் ‘பிராபபிள்’ என்பதன் முதலடியும் ஒரே அச்சில் வார்த்தவை.

அதே ‘பூ’ வேரிலிருந்து ‘ஸம்’ என்னும் முன்னொட்டோடு பிறந்த ‘சம்பாவனை’யையும் இங்கே குறிப்பிடாமல் போக மனமில்லை. வடமொழியில் அதற்கு மதித்துப் போற்றுதல் என்றும் பொருள், இப்படி இருக்கக்கூடும் என்று கருதுதல் என்றும் பொருள். தமிழில் முதற்பொருள் மட்டுமே தங்கி, வித்துவான்களுக்கும் வைதிகர்களுக்கும் மரியாதையாகக் கொடுக்கும் தொகைக்குப் பெயராயிற்று. மதிப்பும் வாய்ப்பும் ஒரே சொல்லில் குடியிருப்பது இலத்தீனுக்கு மட்டும் நேர்ந்த விபத்து அன்று என்பதற்கு இது சான்று.

‘புரொபாரே’ பெற்ற பிள்ளைகள் ஆங்கிலத்தில் பலர். மெய்ப்பித்தலைக் குறிக்கும் ‘புரூவ்’, ‘புரூஃப்’. ஏற்றலைக் குறிக்கும் ‘அப்ரூவ்’. துருவி ஆராய்தலைக் குறிக்கும் ‘புரோப்’. உயிலை நீதிமன்றம் சரிபார்த்து ஏற்கும் ‘புரொபேட்’. ஏற்கத் தகாதவனாகத் தள்ளப்பட்டவனைக் குறிக்கும் ‘ரெப்ரொபேட்’. எல்லாம் ஒரு குடும்பம். ‘புரொபேஷன்’ என்பதைத் தமிழக அரசாணைகள் ‘தகுதிகாண் பருவம்’ என்று எழுதுகின்றன. மூலப்பொருளுக்கு இதைவிட நெருங்கிய ஆக்கம் அமைவது அரிது. ஆனால் ‘இம்ப்ரூவ்’ இக்குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. அது இலாபத்தைக் குறிக்கும் வேறொரு பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. ஓசை ஒற்றுமை கண்டு உறவு கட்டுவோர் இங்கே வழுக்கி விழுவர்.

4. முதல் நிலை: ஏற்புத்தகவு

ரோம் நகரில் தைபர் ஆற்றின் தீவுக்குச் செல்லும் ஃபப்ரீசியஸ் பாலம் கி.மு. 62இல் கட்டப்பட்டது, இன்றும் மக்கள் அதன்மேல் நடக்கிறார்கள். அதன் வளைவுகளில் வெட்டியுள்ள கல்வெட்டு, சாலைக் கண்காணிப்பாளராகிய லூசியஸ் ஃபப்ரீசியஸ் இதைச் செய்வித்தார் என்றும், அவரே சரிபார்த்து ஏற்றார் என்றும் தெரிவிக்கிறது. ‘ஏற்றார்’ என்னும் இடத்தில் வெட்டியிருக்கும் சொல் ‘புரொபாரே’ வினையின் இறந்தகால முற்று. நம் பொதுப்பணித் துறையில் பொறியாளர் அளவுப் புத்தகத்தில் பதிந்து கையொப்பமிட்டால்தான் ஒப்பந்தக்காரரின் பில் நகரும் அல்லவா, அந்தக் கையொப்பம்தான் இது. செய்வித்தவரே சரிபார்த்தும் இருக்கிறாரே என்று இன்றைய தணிக்கையாளர் முகம் சுளிக்கலாம். அக்காலக் கட்டடக் கல்வெட்டுகளில் இது வழக்கமான வாய்பாடு.

இந்தப் பாலம் கட்டிய அதே தலைமுறையைச் சேர்ந்தவர் ரோமானிய மெய்யியல் எழுத்தாளர் சிசெரோ. கி.மு. 45இல் ‘அக்காடமிகா’ என்னும் உரையாடலை எழுதியபோது, கிரேக்க ஐயவாதிகளின் கலைச்சொல் ஒன்றுக்கு அவருக்கு இலத்தீன் தேவைப்பட்டது. அச்சொல் ‘பிதனான்’. அதற்குரியவர் கார்னியாடிஸ், கி.மு. 155இல் ஏதென்ஸின் தூதராக ரோமுக்கு வந்து, ஒரு நாள் நீதிக்குச் சார்பாகவும் மறுநாள் எதிராகவும் பேசி மூத்த கேட்டோவைக் கலங்கடித்தவர். முழு உறுதி மனிதனுக்கு எட்டாது என்றால் அவன் எதைக் கொண்டு நடப்பான் என்னும் வினாவுக்கு அவர் தந்த விடையே ‘பிதனான்’: மனத்தை இணங்கச் செய்யும் தோற்றம்.

அதற்கு அவர் படிகளும் வகுத்தார். முதற்படி, தோற்றம் இணங்கச் செய்தல். இரண்டாம் படி, உடன்வரும் வேறு தோற்றங்கள் எவையும் அதை மறுக்காதிருத்தல். மூன்றாம் படி, ஒவ்வொரு கூறாகச் சோதிக்கப்பட்டிருத்தல். இதை விளக்கும் எடுத்துக்காட்டை செக்ஸ்டஸ் எம்பிரிகஸ் என்னும் பிற்கால ஆசிரியர் காத்துத் தந்திருக்கிறார். இருட்டறையில் சுருண்டு கிடக்கும் கயிற்றைக் கண்டு ஒருவன் பாம்பென்று துள்ளிக் குதிக்கிறான். திரும்பிப் பார்க்கிறான், அசைவில்லை. பாம்பன்று என்று தோன்றுகிறது. ஆனால் குளிர்காலத்தில் பாம்பும் விறைத்து அசையாமல் கிடக்கும் என்பது நினைவுக்கு வர, ஒரு கோலை எடுத்துக் குத்திப் பார்க்கிறான். அப்போதும் அசைவில்லை. இனித்தான் அது பாம்பன்று என்று ஒப்புகிறான்.

கயிற்றரவு நம்மவர்க்குப் புதிதன்று. வேதாந்தி அதைக் கொண்டு உலகத் தோற்றத்தின் பொய்ம்மையைக் காட்டுவார். அவருக்கு வேண்டியது விளக்கு. கார்னியாடிஸுக்கு விளக்குக் கிடைக்காது என்பதே தொடக்கம். அவர் கையில் கோல் மட்டும் உண்டு. இவ்விரு உவமைகளின் வேறுபாடு தனி ஆய்வுக்கு உரியது.

‘பிதனான்’ என்பதற்குச் சிசெரோ ‘புரொபாபிலே’ என்று எழுதினார். ‘உண்மையை ஒத்தது’ என்னும் தொடரையும் அதனுடன் வழங்கினார். கிரேக்கச் சொல்லில் தொழிற்படுவது தோற்றம். அது நம்மை இணங்கச் செய்கிறது. இலத்தீன் சொல்லில் தொழிற்படுபவர் நாம், அதை ஏற்கிறோம். பொருள் ஒன்றேபோல் தோன்றினாலும் பொறுப்பு இடம் மாறிவிட்டது. இப்பெயர்ப்பு நிகழாதிருந்தால், கோல் எடுத்துக் குத்துபவன் இந்தச் சொல்லுக்குள் நுழைந்திருக்கமாட்டான்.

5. இரண்டாம் நிலை: பலர் ஏற்பு

அரிஸ்டாட்டில் தருக்க நூலொன்றில் வாதத்துக்குத் தொடக்கமாகக் கொள்ளத்தக்க கருத்துகளை வரையறுத்தார். எல்லாரும், அல்லது பெரும்பாலோர், அல்லது அறிஞர் ஏற்பவை. அறிஞருள்ளும் எல்லாரும், அல்லது பெரும்பாலோர், அல்லது மிகப் புகழ்பெற்றோர் ஏற்பவை. இவற்றை கி.பி. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த போத்தியஸ் இலத்தீனில் பெயர்த்தபோது கையாண்ட சொல்லும் நம் சொல்லே. இதன் விளைவு பெரிது. தானே சோதித்து ஏற்பவனின் இடத்தில், ஏற்கெனவே ஏற்ற பெரியோர் வந்து அமர்ந்தனர். இடைக்கால ஐரோப்பாவில் ஒரு கருத்து ‘பிராபபிள்’ என்றால், தக்க ஆசிரியர் ஒருவர் அதன் பக்கம் இருக்கிறார் என்று பொருள். ஆகவே ஒன்றுக்கொன்று முரணான இரு கருத்துகளும் ஒரே நேரத்தில் ‘பிராபபிள்’ ஆக இருக்கலாம். இன்றைய கணக்கு மாணவர் இதைக் கேட்டால் திகைப்பார். ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டுமே என்பார். அவர் எண்ணும் பொருள் அப்போது பிறக்கவில்லை.

இந்நிலையின் உச்சம் 1577. சலமங்கா நகரத்து டொமினிக்கத் துறவி பார்த்தலோமே டி மெதீனா, தாமஸ் அக்குவினாஸின் நூலுக்கு எழுதிய உரையில் ஒரு நெறியை வகுத்தார். ஒரு கருத்து ‘பிராபபிள்’ என்றால், அதற்கு எதிரானது இன்னும் மிகுதியாக ‘பிராபபிள்’ ஆனாலும், முதலதைப் பின்பற்றுவது குற்றமாகாது என்பது அது. பாவமன்னிப்புக் கேட்க வருபவனின் மனச்சுமையைக் குறைக்கும் கருணை இதில் உண்டு. ஆனால் வேண்டிய விடை தரும் ஆசிரியரைத் தேடிப் பிடிக்கும் வழியும் இதிலேயே திறந்தது. 1656–57இல் பாஸ்கல் வெளியிட்ட ‘மாகாணக் கடிதங்கள்’ இந்நெறியைக் கைக்கொண்ட இயேசு சபையாரின் இப்பழக்கத்தைக் கிழித்துத் தொங்கவிட்டன.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. அதே பாஸ்கல்தான் 1654இல் கணிதவியலாளர் ஃபெர்மாவோடு கடிதப் போக்குவரத்து நடத்தி, நடுவில் நின்றுபோன சூதாட்டத்தின் பணயத்தை ஆட்டக்காரர்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்னும் கணக்கைத் தீர்த்தவர். நிகழ்தகவுக் கணிதத்தின் தொடக்கமாக எல்லாரும் காட்டும் அந்தக் கடிதங்களில் அவர்கள் பேசியது பங்கு, பணயம் பற்றியே. ‘பிராபபிலிட்டி’ பற்றி அன்று. 1657இல் ஹைகன்ஸ் எழுதிய நூலிலும் கணக்கிடப்படுவது ஆட்டக்காரரின் எதிர்பார்ப்பின் மதிப்பே. சொல் துறவியர் மடத்தில் இருந்தது. கணக்கு சூதாட்ட மேசையில் இருந்தது. இரண்டும் இன்னும் சந்திக்கவில்லை.

6. மூன்றாம் நிலை: சான்றுத்தகவு

சந்திப்புக்கு இடம் அமைத்தது சான்று என்னும் கருத்து. ஆங்கில மெய்யியலாளர் லாக்கின் ‘மனித அறிவு பற்றிய கட்டுரை’ (1690) நான்காம் பகுதியில் இச்சொல்லுக்கென ஒரு தனி இயலே உண்டு. நம் அறிவும் அனுபவமும் ஒரு கூற்றோடு ஒத்துப்போவது ஒரு காரணம். பிறர் தரும் சாட்சி மற்றொன்று. இவ்விரண்டே அவர் காட்டும் அடிப்படைகள். சாட்சி கூறுவோரின் தொகை, நேர்மை, திறமை, நோக்கம் ஆகியவற்றையும் எடைபோடச் சொல்கிறார்.

அவ்வியலில் வரும் சயாம் மன்னர் கதை பெரிதும் அறியப்பட்டது. எங்கள் நாட்டில் குளிர்காலத்தில் தண்ணீர் கெட்டியாகி, அதன்மேல் மனிதர் நடப்பர். யானை இருந்தால் அதையும் தாங்கும் என்கிறார் டச்சுத் தூதர். இதுவரை நீர் சொன்னதையெல்லாம் நம்பினேன், இப்போது நீர் பொய்யர் என்று தெரிந்துவிட்டது என்கிறார் மன்னர். லாக்கின் கணக்கில் மன்னர் மூடர் அல்லர். சாட்சியின் நேர்மை ஒரு தட்டிலும் வாழ்நாள் முழுதும் கண்ட வெப்பநாட்டு நீர் மறுதட்டிலும் இருக்க, இரண்டாவது தாழ்ந்தது, அவ்வளவே. அவருக்கு இருந்த சான்றுக்கு அவர் முடிவு சரி. உலகத்துக்கு அது தவறு. சான்றுத்தகவின் இலக்கணமே இதில் அடங்கிவிடுகிறது: அது ஒருவரிடம் உள்ள சான்றைப் பொறுத்தது. ஏற்பவர் இன்னும் இருக்கிறார். ஆனால் அவர் பெரியோர் அல்லர், எவராகவும் இருக்கலாம்.

இந்நிலை சட்டத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒரு செய்தி எப்போது மெய்ப்பிக்கப்பட்டது ஆகும் என்று வரையறுத்தது. நீதிமன்றம் அது உண்டு என்று நம்ப வேண்டும். அல்லது, விவேகமுள்ள ஒருவன் அது உண்டு என்று கொண்டு செயற்படத்தக்க அளவுக்கு அது ‘பிராபபிள்’ என்று கருத வேண்டும். இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டமும் இதே வரையறையை ஏற்றது. 2024 சூலை முதல் நாள் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இதைத் தொடர்கிறது. வரையறுக்கப்படும் ‘புரூவ்’ என்பதும் வரையறுக்கும் ‘பிராபபிள்’ என்பதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை முன்பே கண்டோம். சட்டம் எண் எதையும் சொல்லவில்லை. விவேகமுள்ள ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பாலத்தைச் சரிபார்த்த ஃபப்ரீசியஸின் வேலை அவனுக்கு.

7. நான்காம் நிலை: நிகழ்தகவு

சொல்லும் கணக்கும் சேர்ந்தது, லாக்கின் நூலுக்கும் முன்பே, பிரான்சில், 1662இல். ஆர்னோவும் நிக்கோலும் எழுதிய போர்ட்-ராயல் தருக்க நூலின் இறுதி இயல்கள், ஒரு தீங்குக்கு அஞ்சும்போது அதன் அளவை மட்டுமன்றி அது நேரும் ‘பிராபபிலிட்டி’யையும் கணக்கிட வேண்டும் என்று கற்பித்தன. யாகோப் பெர்னூலியின் ‘ஊகக் கலை’ அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து 1713இல் பாசலில் வெளிவந்தது. அதில் ‘பிராபபிலிட்டி’ என்பது உறுதியின் ஒரு படி; முழுமைக்குப் பகுதி எப்படியோ அப்படி உறுதிக்கு அது. தெ மொய்வரின் ‘வாய்ப்புகளின் கோட்பாடு’ (1718) ஆங்கிலத்தில் இக்கணிதப் பொருளை நிலைப்படுத்தியது.

இதன்பின் இச்சொல் இரு முகம் பெற்றது. ஒருவரது நம்பிக்கையின் அளவு என்பது ஒரு முகம். உலகில் ஒரு நிகழ்ச்சி எத்தனை முறைக்கு எத்தனை முறை நடக்கிறது என்பது மற்றொன்று. 1837இல் புவாசோன் இரண்டையும் பிரித்துக்காட்ட முயன்றார். 1945இல் கார்னப் ஒரே சொல்லுக்கு இரு எண்களிட்டு இரு கருத்துகள் என்றே அறிவித்தார். இடையில் 1933இல் கொல்மகோரொவ் அடிகோள்களை அமைத்தபோது, எந்த முகமானாலும் பொருந்தும் வெறும் அளவையாக அது ஆயிற்று. ஏற்பவர் இங்கே முற்றாக விலகினார். கொல்மகோரொவின் அடிகோள்களில் ஆளுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. கணிதத்துக்கு அது ஆதாயம்.

பொதுவழக்கு வேறு வழியில் அதே இடத்தை அடைந்தது. ‘பிராபப்ளி’ என்னும் வினையடை 15ஆம் நூற்றாண்டில் ‘நம்பத்தக்க முறையில்’ என்று பொருள்பட்டது; அதாவது, ஒருவர் எப்படி வாதிட்டார் என்பதைச் சொன்னது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வாக்கியம் முழுவதற்கும் அடையாகி, ‘அனேகமாக’ என்று நாம் சொல்லும் பொருளை எட்டியது. ‘அனேகமாக வருவார்’ என்னும்போது ஏற்பவர் பேசுபவரே. ஆனால் வாக்கியத்தில் அவர் பெயர் இல்லை.

8. ஐந்தாம் நிலை: எண்ணிட்ட சொல்

பெயரில்லாத அந்த ஆள் யார் என்று கேட்கும் நிலைமை 20ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1951இல் அமெரிக்க உளவு மதிப்பீட்டு அலுவலகம், யூகோஸ்லாவியாவின்மேல் படையெடுப்பு நிகழ்வதற்குப் ‘பாரதூரமான வாய்ப்பு’ உண்டு என்று ஓர் அறிக்கையில் எழுதியது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவராகிய ஷெர்மன் கென்ட், அத்தொடரால் நீங்கள் கருதிய அளவு என்ன என்று உடன்பணியாற்றியோரைப் பின்னர்க் கேட்டபோது, விடைகள் நூற்றுக்கு 20 முதல் 80 வரை பரந்திருந்தன. எல்லாரும் ஒரே சொல்லுக்கு ஒப்பம் இட்டிருந்தனர். 1964இல் வெளியிட்ட கட்டுரையில் கென்ட் ஓர் அட்டவணை தந்தார். அதில் ‘பிராபபிள்’ என்பதற்கு நூற்றுக்கு 75, ஏறக்குறைய 12 கூடவோ குறையவோ.

அட்டவணைகள் அதன்பின் பெருகின, ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகள் குழுவின் வழக்கில் ‘லைக்லி’ என்பது நூற்றுக்கு 66 முதல் 100 வரை. அமெரிக்க உளவுத்துறையின் பிற்கால நெறிமுறையில் ‘பிராபபிள்’, ‘லைக்லி’ இரண்டும் 55 முதல் 80. இங்கே கவனிக்க வேண்டியது, எண் தானாகச் சொல்லின்மேல் ஏறவில்லை. ஒரு குழு அமர்ந்து ஏற்றியது என்பதே.

காலநிலைக் குழு தன் ஆசிரியர்களுக்கு 2010இல் வழங்கிய வழிகாட்டுக் குறிப்பு இன்னும் ஒரு படி சென்றது. நிகழ்ச்சியின் வாய்ப்பை எண்ணால் குறிக்க ஓர் அளவுகோல்; அம்முடிவின்மேல் உள்ள நம்பிக்கையைக் குறிக்க மற்றோர் அளவுகோல். இரண்டாவதற்கு எண் இல்லை. சான்று எவ்வளவு வலுவானது என்பதையும் அறிஞர் எவ்வளவு ஒத்துப்போகின்றனர் என்பதையும் கொண்டு, மிகக் குறைவு, குறைவு, நடுத்தரம், உயர்வு, மிக உயர்வு என்று சொல்லாலேயே அதைக் குறிக்க வேண்டும். லாக் எடைபோட்ட சாட்சியும், அரிஸ்டாட்டில் வகுத்த அறிஞர் உடன்பாடும் அந்தக் குறிப்பில் இரண்டு அச்சுகளாக வரையப்பட்டிருக்கின்றன.